மடித்தது புரதம்தான்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் விசாரணைக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் எங்கள் கணக்கு டீச்சர் அவர்களே, இருக்கை கிடைக்காமல் சுவரோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் மாணவ மாணவியரே! எல்லோருக்கும் என் வணக்கம். நிற்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். இந்த மனிதருக்காக இத்தனை பேர் நிற்கிறீர்கள் என்பதை மேடையில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கட்டும்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மறந்துவிடுவேனோ என்று துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதினேழு வருடம் ஒரே அறையில் கூட வேலை செய்தவளுக்கு ஐந்து நிமிடமாம்! நான் கூடுதலாகத்தான் எடுத்துக்கொள்வேன். யாராவது மைக்கைப் பிடுங்கினால் மைக் இல்லாமல் பேசுவேன். என் குரல் மூன்று அறை தாண்டிக் கேட்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிக்கொள்கிறேன். நான் விஞ்ஞானி அல்ல. மூன்றாம் மாடி ஆய்வகத்தின் பணியாளர். கரைசல் கலப்பது, டி.என்.ஏ. தயாரிப்பது, கண்ணாடி கழுவுவது, கருவி துடைப்பது, பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவர்களைத் திட்டுவது, எல்லாம் என் வேலை. முதுகுக்குப் பின்னால் நீங்கள் என்னைக் 'கறார் அக்கா' என்று கூப்பிடுவீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இன்றைக்கு நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? பேராசிரியர், முனைவர், துறையின் முன்னாள் தலைவர் என்றெல்லாம் அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். போடட்டும். நமக்கு அவர் 'மெதுவா சார்'. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், காலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எதையும் அவசரப்பட்டுச் செய்யாத மனிதர் இதில் மட்டும் இப்படி அவசரப்பட்டுவிட்டாரே!

எனக்கு முன்னால் பேசிய குழுத் தலைவர் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னார்கள். "சர்ச்சைகளைத் தாண்டி அவர் ஒரு நல்ல மனிதர்" என்று சொன்னார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். நான் தலையாட்டவில்லை. என்ன சர்ச்சை? யார் கிளப்பிய சர்ச்சை? இறந்த மனிதரை நல்லவர் என்று புகழ்ந்துவிட்டு, அவர் சொன்ன விஷயத்தைப் பொய் என்று மூட்டை கட்டிப் பரணில் போடுவது அஞ்சலியா? அவருக்கு நல்லவர் பட்டம் தேவையில்லை. அவர் கண்டுபிடித்தது உண்மை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அவர் கூட வேலை பார்க்காத உறவுக்காரர்களும் வந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூல் இருக்கிறது. ஒரே ஒரு செல்லில் இருக்கும் அத்தனையையும் நீட்டிப் போட்டால் இரண்டு மீட்டர் வரும். என்னைவிட நீளம். அந்த நூல் அடங்கியிருக்கும் உட்கரு எவ்வளவு பெரியது? ஒரு தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் நூல் அந்த இத்தனூண்டு இடத்தில் சிக்காமல் அடங்கியிருக்கிறது. வேண்டும்போது வேண்டிய இடம் பிரிகிறது, படிக்கப்படுகிறது, மறுபடி மடிகிறது. யார் மடிக்கிறார்கள்? புரதங்கள். சில புரதங்களைச் சுற்றி நூல் சுற்றிக்கொள்கிறது. சில புரதங்கள் நூலைப் பிடித்து வளைக்கின்றன. சில புரதங்கள் இரண்டு இடத்தை ஒன்றாகப் பிடித்துக் கட்டுகின்றன. நம் சார் பார்த்த புரதம் இன்னும் ஒரு படி மேலே. அது நூலைப் பிடித்து, எரிபொருளைச் செலவழித்து, கையால் கயிறு இழுப்பதுபோல இழுத்து இழுத்து வளையம் போடுகிறது. வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. இதைத்தான் அவர் சொன்னார். இதைத்தான் இல்லை என்றார்கள்.

'மெதுவா சார்' என்ற பெயர் எப்படி வந்தது? இந்த நூல் மிக நீளம், மிக மெல்லியது. பிப்பெட்டில் வேகமாக உறிஞ்சினால் அறுந்துபோகும். அறுந்தது கண்ணுக்கும் தெரியாது. அதனால் பிப்பெட்டின் நுனியை அவரே கத்தரிக்கோலால் வெட்டி வாயை அகலமாக்கித் தருவார். பின்னால் நின்று "மெதுவா, மெதுவா" என்பார். ஒரு சொட்டு எடுக்க முப்பது எண்ண வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் இதே வேலைதான். ஒரு பையன் பொறுக்க முடியாமல், "சார், நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள இந்தச் சொட்டு உள்ள வந்துடுமா?" என்று கேட்டே விட்டான். சார் கோபப்படவில்லை. "வந்துடும்பா. ஆனா நீ பேசினதுல இருபத்தி மூணு வரைக்கும் எண்ணினது போச்சு, திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பி" என்றார். இதோ, சுவரோரம் நின்று சிரிக்கிறானே, அவன்தான். இப்போது அவனே நாலு பேருக்கு "மெதுவா" சொல்லிக்கொடுக்கிறான்.

அவர் முதன்முதலில் அதைப் பார்த்த நாளை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அறையில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். எங்கள் கருவி இப்படி வேலை செய்யும். கூடு என்று நாங்கள் சொல்லும் கண்ணாடிப் பெட்டிக்குள் நூலின் ஒரு நுனி கண்ணாடியில் கட்டியிருக்கும். மறு நுனியில் ஒரு குட்டிக் காந்த உருண்டை. மேலே ஒரு காந்தம் அந்த உருண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நூல் நேராக நிற்கும். புரதம் நூலை மடித்தால், நூல் குட்டையாகி உருண்டை கீழே வரும். அவ்வளவுதான். அன்றைக்குப் புரதத்தை விட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. எரிபொருளை விட்டோம். உருண்டை அசைந்தது. கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது.

"சார், இறங்குது சார்!" என்று கத்தினேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இறங்கலம்மா. இழுக்குது" என்றார்.

அவர் குதித்தாரா? யாரையாவது கூப்பிட்டாரா? அதுதான் இல்லை. "ஜன்னலைச் சாத்தினியா? அதிராம இருக்க மேசைக்குக் காத்து ஏத்தினியா? தண்ணி சூடு எவ்வளவு?" என்று என்னை ஒரு மணி நேரம் குடைந்தெடுத்தார். பிறகு அதே சோதனையை நாற்பது தடவை செய்ய வைத்தார். எரிபொருள் இல்லாமல் செய்தால் உருண்டை நின்றது. எரிபொருளோடு செய்தால் இறங்கியது. நாற்பது தடவையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் வீட்டில் மனைவியிடமே, நம் டீச்சரிடமே, சொன்னாராம். டீச்சர், நீங்கள் என்ன கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? நீங்களே என்னிடம் சொன்னதுதான். "நாப்பது தடவைன்னா ஒண்ணரை மாசம் ஆயிருக்குமே, அதுவரைக்கும் எங்கிட்ட எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டீர்கள்.

கட்டுரை வெளியானது. தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த வருடமே வேறு இரண்டு இடங்களில் முயன்று பார்த்து வரவில்லை என்றார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர். தலைவர், இதோ, இங்கேதான் இருக்கிறார்கள். குழு நேரில் வந்து பார்க்கும் என்றார்கள். வந்தார்கள். நாங்கள் செய்து காட்டினோம்.

அன்றைக்கு உருண்டை எரிபொருள் இல்லாமலே இறங்கியது!

இரண்டாவது கூட்டை மாற்றினோம். அதிலும் இறங்கியது. மூன்றாவதிலும் இறங்கியது. சார் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.  தலைவர் அவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்கள். "எரிபொருள் இல்லாமலே மடியுதே, சார்? அப்ப மடிக்கிறது உங்க புரதமா, இல்ல, நூல் போய் கண்ணாடியில ஒட்டிக்குதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்றைக்கும் சொல்கிறேன், அது நியாயமான கேள்விதான். சார், "நாளைக்கு ஒரு நாள் இருங்க, புதுசா தயார் பண்ணிக் காட்டறேன்" என்றார். "நாளைக்கு எங்களுக்கு வேற கூட்டம்" என்றார்கள். வந்து நாற்பது நிமிடத்தில் புறப்பட்டுவிட்டார்கள். நாற்பது தடவை பார்த்து எழுதியதை நாற்பது நிமிடத்தில் அடித்துப்போட்டார்கள்.

அறிக்கை வந்தது. பதினான்காம் பக்கத்தில் அன்றைய உருண்டை இறங்கிய கோட்டை அச்சிட்டு, அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள்: "காணப்பட்ட சுருக்கம், நூல் கண்ணாடியில் ஒட்டுவதால் ஏற்பட்டது. புரதம் மடிக்கிறது என்பது நிரூபிக்கப்படவில்லை." கட்டுரையின் தலையில் எச்சரிக்கைக் குறிப்பு ஏறியது. ஆறு மாணவர்களில் நான்கு பேர் வேறு ஆய்வகம் தேடிப் போனார்கள். மதிய உணவு நேரத்தில் அவர் மேசைக்கு எதிரே உட்கார ஆள் இல்லாமல் போனது. இப்போது கண்ணும் கண்ணீருமாக வந்திருக்கும் சிலரை நான் அந்த நாட்களில் அந்த மேசைக்குப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. பெயர் சொல்ல மாட்டேன். நீங்களே உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த அறிக்கைக்குப் பிறகும் அவரைத் தேடி ஒருவர் வந்தார். நான்காவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருக்கிறாரே, பேருந்து ஓட்டுநர், அவர்தான். சீருடையிலேயே வந்தார். கையில் மருத்துவமனைத் தாள். அவர் மகளுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. நூலை மடிக்கும் அந்தப் புரதத்தில் குறை என்று தாளில் எழுதியிருந்தது. இணையத்தில் தேடிச் சாரின் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"சார், டாக்டருங்க ஏதேதோ சொல்றாங்க, ஒண்ணும் புரியல. நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்று கேட்டார்.

சார் மூலையில் கிடந்த நீள ஒயரை எடுத்துத் தரையில் போட்டார். "இந்தக் கோடியில சுவிட்சுன்னு வெச்சுக்கோங்க. அந்தக் கோடியில பல்பு. தூரமா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒயரை நடுவில் பிடித்து இழுத்து வளையம் போட்டார். இரண்டு கோடியும் பக்கத்தில் வந்தன. "இப்பப் பாருங்க, பக்கத்துல வந்துடுச்சு. சுவிட்சு பல்போட பேசும். இந்த வேலைய செய்யற கை உங்க பொண்ணுக்குப் பாதிதான் இருக்கு. அதனால சில பல்பு எரியுது, சிலது எரியல. நீங்க தப்பு பண்ணல. அவங்கம்மாவும் பண்ணல. யாரும் பண்ணல."

ஓட்டுநர் கேட்டார், "மருந்து இருக்கா சார்?"

"இல்ல. பொய் சொல்ல மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். பெரிய குழு ஒண்ணு, நான் இப்பக் காட்டினேனே, இந்த இழுக்கறது, அது நடக்கவே இல்லன்னு எழுதியிருக்கு. அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்றார் சார்.

ஓட்டுநர் ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். "அந்தக் குழுவுல யாரும் எங்கிட்ட உக்காந்து பேசல சார். நீங்க பேசினீங்க" என்றார். அன்றைக்கு அந்தப் பிற்பகல் முழுவதையும் சார் அவருக்குக் கொடுத்தார். தன்னை ஏற்காத அறிக்கையையும் தானே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். இவரையா நீங்கள் பொய் சொன்னவர் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள்?

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள். வேண்டாம் என்கிறார்கள். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லப்போகிறேன் என்றேன். "அவரே ஆறு வருஷம் சொல்லல. நீ எதுக்கும்மா இப்பச் சொல்ற? உன் வேலை போயிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர், மன்னித்துவிடுங்கள். உங்கள் பேச்சையும் மீறுகிறேன். சாரின் பேச்சையும் மீறுகிறேன்.

அன்றைக்கு நூல் கண்ணாடியில்தான் ஒட்டியது. குழு எழுதியதில் அந்தப் பாதி சரி. ஏன் ஒட்டியது? எங்கள் கூடு என்பது இரண்டு கண்ணாடித் தகட்டை ஒட்டி நடுவில் மெல்லிய இடைவெளி விட்டுச் செய்வது. வெறும் கண்ணாடி எதையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் உள்ளே பால் புரதக் கரைசலை ஊற்றி, முதல் நாளே ஊற வைத்துவிடுவோம். அது கண்ணாடியை மூடிக்கொள்ளும். பிறகு நூல் ஒட்டாது. அந்தப் பூச்சு கண்ணாடியில் லேசாகப் பனி படர்ந்ததுபோலத் தெரியும். பார்க்க அழுக்காக இருக்கும்.

குழு வரும் காலையில் பன்னிரண்டு கூடுகளும் தாங்கியில் வரிசையாக இருந்தன. எல்லாம் மங்கலாக, அழுக்காக. பெரிய மனிதர்கள் வருகிறார்களே, நம் ஆய்வகத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று எனக்கு வந்துவிட்டது. வெளிப்புறம் மட்டும் துடைக்கலாம் என்று எடுத்தேன். துடைத்தும் உள்ளே மங்கல் போகவில்லை. பால் பூச்சு எங்களுக்கு மூன்று வருடப் பழக்கம். கண்ணாடி பளபளக்க வேண்டும் என்பது எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். சோப்புத் தண்ணீரை உள்ளே செலுத்தினேன். மூன்று தடவை கழுவினேன். பிறகு புத்தி வந்து, திரும்பவும் பால் புரதத்தை ஊற்றினேன். குழு வர அரை மணி நேரம்தான் இருந்தது. அரை மணி போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதாது.

"கூடெல்லாம் தயாராம்மா?" என்று சார் வந்து கேட்டார்.

"பளபளன்னு இருக்கு சார்" என்றேன்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையிலேயே என்னைப் பிடித்திருப்பார். அன்றைக்குப் பதற்றத்தில் அவருக்குக் காதில் விழவில்லை.

கழுவியவள் நான். குழுவின் முன்னால் சாரைத் தோற்க வைத்தவள் நான். அந்தப் பதினான்காம் பக்கத்துக் கோடு என் சோப்புத் தண்ணீர் போட்ட கோடு. ஆறு வருடம் அதை மனதில் வைத்துக்கொண்டு இதே கட்டடத்தில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். "சோப்பா?" என்றார்.  பிறகு அந்த மனிதர் சிரித்தார்! "விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டைக் கழுவி விட்டுட்டியா? சரி விடு. எழுதிக் கேப்போம், திரும்ப வரட்டும்" என்றார். அன்றைக்கே குழுவுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடி தவறாகத் தயாரிக்கப்பட்டிருந்தது, மறுபடி வந்து பாருங்கள் என்று எழுதினார்.

தலைவர் அவர்களே, நீங்கள் எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது. படிக்கட்டுமா? "கழுவியவர் யார்? அவர் பெயரும் எழுத்துமூலமான வாக்குமூலமும் கிடைத்தால், குழு மறுபடி வந்து பார்க்கும்." உங்கள் கையெழுத்துதான்.

நான் பெயரைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சார் விடவில்லை. "உன் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. பேரைக் குடுத்தா புதுப்பிக்க மாட்டாங்க. உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. லேப் என்னுது, பொறுப்பும் என்னுது" என்று சொல்லிவிட்டு, "என் ஆய்வகத்தின் தவறுக்குப் பொறுப்பு நானே, தனியாக ஒரு பெயரைத் தர வேண்டிய அவசியமில்லை" என்று எழுதினார். நீங்கள் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டீர்கள். தோற்றவர் தோல்வியைப் பூசி மெழுகுகிறார் என்று எடுத்துக்கொண்டீர்கள். கோப்பை மூடிவிட்டீர்கள்.

என்னை யாரும் நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கு அவர் தடுத்தார், நானும் நின்றுகொண்டேன். எனக்குப் பயம். அதுதான் உண்மை. மூன்று வருடம் கழித்து என் வேலை நிரந்தரமானது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை! அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஊமையாகத்தான் இருந்தேன். அதற்கு என்னிடம் சாக்கே இல்லை. அந்த எச்சரிக்கைக் குறிப்பைத் தலையில் சுமந்துகொண்டு அவர் தினமும் என் முன்னால் வந்து, "காலை வணக்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்காருவார். ஒரு நாள்கூட, ஒரு பார்வையில்கூட, அதைக் காட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் சார், இங்கே உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். நீங்கள் செய்தது தவறு. "அந்தக் கழுவின கூட்டை வெச்சே ஒரு சோதனை பண்ணிக் காட்டிடலாம் சார்" என்று நான் எத்தனை தடவை கேட்டேன்? "தப்ப நிரூபிக்க எதுக்கும்மா நேரம்? சரிய நிரூபிப்போம்" என்று தட்டிக்கழித்தீர்களே! என்னைக் காப்பாற்றினீர்கள். உங்களை யார் காப்பாற்றினார்கள்? நீங்கள் கண்ட உண்மை எனக்கு மட்டும் சொந்தமா? அந்த ஓட்டுநரின் மகளுக்குச் சொந்தம் இல்லையா? என் ஒரு வேலைக்காக அதை ஆறு வருடம் முடக்கி வைத்தீர்கள். கை கூப்பிச் சொல்கிறேன், அது தவறு.

அந்தச் சோதனையை நான் செய்துவிட்டேன். சார் போன ஐந்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் மூன்றாம் மாடி அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டுமாம். பழைய நாற்காலிகளைப் போட்டு வைக்க இடம் தேவைப்படுகிறதாம். இங்கே பாதிப் பேர் நின்றுகொண்டிருக்கிறீர்கள், நாற்காலிக்கு அறை தேடுகிறார்கள்! கடிதத்தைப் படித்ததும் இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தேன். போன வியாழக்கிழமை, மீதி இருக்கும் இரண்டு மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு, பன்னிரண்டு கூடுகளை எடுத்தேன். எல்லாவற்றிலும் முதல் நாளே பால் புரதம் ஊற வைத்தேன். ஆறை அப்படியே விட்டேன். ஆறை அன்றைக்குக் கழுவியதுபோலவே சோப்புத் தண்ணீரால் மூன்று தடவை கழுவி, அரை மணி மட்டும் பால் புரதம் ஊற்றினேன்.

கழுவிய ஆறிலும் எரிபொருள் இல்லாமலே உருண்டை இறங்கியது. அந்தக் கோட்டை அறிக்கையின் பதினான்காம் பக்கத்தின் மேல் வைத்தோம். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. கழுவாத ஆறில் எரிபொருள் இல்லாதபோது உருண்டை அசையவே இல்லை. எரிபொருள் விட்டதும் கொஞ்சம் இறங்கி, நின்று, மறுபடி இறங்கியது. ஆறிலும்! குழுவுக்குக் காட்டியது கண்ணாடி செய்த வேலை. அவர் கட்டுரையில் எழுதியது புரதம் செய்த வேலை. மடித்தது புரதம்தான். இதைச் சொல்ல எனக்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

இயக்குநர் அவர்களே, என் கைப்பையைப் பார்க்கிறீர்கள். ஆமாம், சாவி இங்கேதான் இருக்கிறது. ஒப்படைக்க மாட்டேன். அந்தக் கருவியை அணைக்கவும் மாட்டேன். கழுவியதற்காக என்னை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமா? தாராளமாக அனுப்புங்கள், கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலை நிற்காது. பிப்பெட் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் அந்த அறையில் இருக்கிறார்கள். சுவரோரம் நிற்பவர்களில் இன்னும் நான்கு பேர் வருவதாக இன்று காலை என்னிடம் சொன்னார்கள். ஓட்டுநரின் பெண்ணுக்கு அந்தக் கை ஏன் பாதியானது, மீதிப் பாதியை எப்படி வேலை வாங்குவது என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போன கேள்விகள் மூன்று நோட்டு நிறைய இருக்கின்றன. அத்தனையையும் செய்து பார்ப்போம். இது நாங்கள் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டும். ஆறு வருடம் மௌனமாக இருந்துவிட்டேன். இன்னும் இரண்டு நிமிடம் என்னால் முடியாது.

தலைவர் அவர்களே, நீங்கள் கேட்ட பெயர் உங்கள் எதிரில் நிற்கிறது. கேட்ட வாக்குமூலம், இதோ, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கிடைத்தால் வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று மாலை பால் ஊற்றி வைத்த பன்னிரண்டு கூடுகள் மேலே தயாராக இருக்கின்றன. எதை எடுப்பது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். எரிபொருளை உங்கள் கையாலேயே விடுங்கள். நான் எதையும் தொடாமல் வாசலில் நிற்கிறேன். உருண்டை இறங்கவில்லையா? அங்கேயே சாவியையும் தருகிறேன், வேலையையும் தருகிறேன். இறங்கியதா? நீங்கள் கீழே வந்து, இதே மேடையில் ஏறி, இத்தனை பேர் கேட்க, "டீச்சர், உங்க வீட்டுக்காரர் சொன்னது உண்மை" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் டீச்சர் இங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நாங்களும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம்.

எழுந்திருங்கள், ஐயா. நான் முன்னால் போய்க் கதவைத் திறக்கிறேன்.